டிக்டாக்க மூடுனாங்களே, வாட்ஸப்ப ஏன் மூடல?

கடலூர் மஞ்சக்குப்பத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பட்டா, வருமானச் சான்று, பேன் கார்டுன்னு ஆன்லைன்ல போட்டுத் தர்றதும் உண்டு. கடைக்கு எதிர்ல ஒரு அக்கா தெனம் காலைல முதுநகர் துறைமுகத்துலேர்ந்து கூடைல மீன் கொண்டாந்து விப்பாங்க. போன வாரம் வெயில் ஏறுனதும் நிழலுக்காக கடைக்குள்ள வந்தவங்க, பையன் ஏதோ போன் பத்தி பேசுனத கேட்டுட்டு வந்திருக்காங்க போல, சட்டுன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏந்தம்பி, அந்த டிக்டாக்கு சைனாக்காரன்துன்னு மூடுனாங்களே, இந்த வாட்ஸப்பு மட்டும் நம்மூர்க்காரன்தா?"

இல்லக்கா, அது அமெரிக்காக்காரன்துன்னேன்.

"அப்ப அவன் மட்டும் யோக்கியனா?"

நான் சிரிச்சிட்டேன், ஆனா பதில் சொல்ல வரல. யோசிச்சிப் பாத்தா இந்த ஒரு கேள்விக்குள்ளதான் எல்லாமே இருக்கு, வெளிநாட்டு கம்பெனிங்க மேல நாடுங்க போடற தடை, டேட்டா எல்லை தாண்டி போகக்கூடாதுன்னு போடற சட்டம், கோடிக்கணக்குல அபராதம்னு பேப்பர்ல வர்ற அத்தனையும். அவங்களுக்கு அன்னிக்கி கொஞ்சம் கொஞ்சமா சொன்னதத்தான் இங்க எழுதறேன், கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல.

மொதல்ல டேட்டான்னா என்னன்னு பாத்துடலாம். நெறய பேரு நெனச்சிக்கிட்டு இருக்கறது, நாம அனுப்பற போட்டோ, பேசற பேச்சு, அவ்வளவுதான்னு. அக்கா போனை வாங்கி செட்டிங்ஸ்குள்ள போயி, ஒவ்வொரு ஆப்புக்கும் என்னென்ன பெர்மிஷன் குடுத்திருக்குன்னு காட்டுனேன். டார்ச் லைட்டுக்குன்னு ஒரு ஆப் போட்டு வச்சிருந்தாங்க, பையன் சின்னவனா இருக்கறப்ப எப்பவோ ஏத்துனது. அது என்னென்ன கேட்டு வாங்கியிருக்குன்னா, கேமரா, சரி அது லைட்டுக்கு வேணும்னு வச்சிக்கலாம், அப்பறம் லொகேஷன், அப்பறம் கான்டாக்ட்ஸ். லைட்டு எரியறதுக்கு அக்காவோட சம்பந்தி நம்பர் எதுக்கு? லொகேஷன்ல "எப்பவும்"னு இருந்துச்சு. அதாவது காலைல 4 மணிக்கு துறைமுகத்துல ஏலத்துக்கு நிக்கறது, 7 மணிக்கு மஞ்சக்குப்பம், மாசத்துல ஒருநாள் கவர்மென்ட் ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை பாடலீஸ்வரர் கோயில், இத்தனையும் ஒருத்தன் உக்காந்து எழுதி வச்ச மாதிரி எங்கயோ ஒரு சர்வர்ல, அதாவது டேட்டாவ சேத்து வைக்கற பெரிய கம்ப்யூட்டர்ல, சேந்துகிட்டே இருக்கலாம். ஒரு வார்த்தை யார்கிட்டயும் பேசாமலே அவங்க என்ன தொழில், எந்த சாமி, எந்த நோய், யாரு சொந்தம்னு தெரிஞ்சிடும். அக்கா மொகம் மாறிடுச்சு, "ஆஸ்பத்திரி போறது எங்க வூட்டுக்கே தெரியாது தம்பி"ன்னாங்க.

ஒரு ஆளோடது போனா அது அந்த ஆளு பிரச்சனை, ஒரு நாட்டுல பாதிப் பேரோடது ஒரே எடத்துல சேந்தா அது வேற. இதுக்கு ரொம்ப எளிமையான உதாரணம் ஸ்ட்ராவான்னு ஒரு ஓட்டப் பயிற்சி ஆப். உலகம் பூரா அவங்க ஆப் போட்டு ஓடறவங்க எந்த ரூட்ல ஓடுனாங்கன்னு ஒரே மேப்பா போட்டு 2017 கடைசில வெளிய விட்டாங்க, அழகா வெளிச்சக் கோடா இருக்கும். 2018 ஜனவரில ஒரு ஆஸ்திரேலியா காலேஜ் பையன் பாத்துட்டு சொல்றான், ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனத்துல ஊரே இல்லாத எடத்துல வெளிச்சம் வட்டம் வட்டமா இருக்கேன்னு. அமெரிக்கா ராணுவ முகாம்ல சிப்பாய்ங்க காலைல ஓடுன தடம் அது. யாரும் திருடல, யாரும் ரகசியத்த வெளிய விடல, அவங்களே விருப்பப்பட்டு குடுத்த டேட்டாதான். இது நடந்ததுக்கப்பறம் பல பேருக்கு போன்ல இருக்கற ஆப்பும் பாதுகாப்பு விஷயம்னு ஒறைச்சிச்சு.

சரி, எல்லைக்கு வருவோம். எல்லைன்னா என்னன்னு நம்மூர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். பாண்டிலேர்ந்து கடலூர் பஸ் ஏறுனா தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடைன்னு வரும், முள்ளோடை தாண்டுனா தமிழ்நாடு, ஆல்பேட்டை செக்போஸ்ட்ல போலீஸ் ஏறி பைய தடவும். அதே பாட்டில், அதே கம்பெனி சரக்கு, பாண்டில வாங்குனா பில்லு போட்டு குடுப்பான், இந்தப் பக்கம் வந்தா கேஸு. பாட்டில்ல ஒண்ணும் மாறல, எந்த கவர்மென்ட் கைக்கு எட்டுற எடத்துல இருக்குங்கறதுதான் மாறுச்சு. அந்தக் காலத்துல, 1954 நவம்பர் 1க்கு முன்னாடி, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம், நடுவுல சுங்கச் சாவடியே இருந்துச்சுன்னு பெருசுங்க சொல்லும்.

டேட்டாவுக்கும் நாடுங்க இந்த மாதிரி செக்போஸ்ட் போடத்தான் பாக்கறாங்க. ஆனா ஒரு எடத்துல இந்த உதாரணம் படுத்துடும். பாட்டில் இங்க வந்துட்டா அங்க இருக்காது, டேட்டா அப்படி இல்ல, அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும், சிங்கப்பூர்ல ஒரு காப்பி, அயர்லாந்துல ஒரு காப்பி, எல்லாம் கடலுக்கடில போற கேபிள்ல கண் சிமிட்டற நேரத்துல போயிடும், பைய தடவறதுக்கு பஸ்ஸே நிக்காது. அதனால டேட்டாவ தடுத்து நிறுத்தறேன்னு எந்த கவர்மென்ட் சொன்னாலும் அவங்க நெஜமா பிடிக்கறது டேட்டாவ இல்ல, அதை வச்சிருக்கற கம்பெனிக்காரன் சட்டையத்தான். யாரு வந்து "எடுத்து நீட்டு"ன்னா அவன் நீட்டியே ஆகணும், இதுதான் மொத்த சண்டையும். இத மனசுல வச்சிக்கிட்டு நியூஸ் படிச்சா பாதி தானா புரிஞ்சிடும்.

இதுக்கு ஒரு நல்ல கேஸ் இருக்கு. 2013ல அமெரிக்கா போலீஸ் ஒரு போதைமருந்து விசாரணைக்காக மைக்ரோசாஃப்ட் கிட்ட ஒருத்தனோட இமெயில் கேட்டாங்க. மைக்ரோசாஃப்ட் என்ன சொல்லுச்சுன்னா, அந்த மெயிலு இருக்கறது அயர்லாந்து டப்ளின்ல இருக்கற சர்வர்ல, உங்க வாரன்ட் அங்க செல்லாதுன்னுச்சு. கேஸ் வருஷக்கணக்கா இழுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, தீர்ப்பு வர்றதுக்குள்ள 2018 மார்ச்ல அமெரிக்கா ஒரு புது சட்டமே போட்டுடுச்சு, கிளவுட் ஆக்ட்னு பேரு. டேட்டா எந்த நாட்டுல கெடந்தாலும் சரி, வச்சிருக்கறது எங்க சட்டத்துக்கு கட்டுப்பட்ட கம்பெனின்னா எடுத்துக் குடுத்தாகணும். முடிஞ்சிது. அப்ப ஒரு அமெரிக்கா கம்பெனி அம்பத்தூர்லயோ சிறுசேரிலயோ சர்வர் வச்சி "உங்க டேட்டா இந்தியாவுலதான் இருக்கு"ன்னு விளம்பரம் போட்டா, அது பொய் இல்ல, ஆனா பாதிதான். அதனால எந்த ஆப்ப பத்தி பேசுனாலும் ஆளு எங்க இருக்கான், டேட்டா எங்க இருக்கு, கம்பெனி ஓனரு எந்த நாட்டுக்காரன்னு மூணையும் தனித்தனியா கேக்கணும், நம்ம ஆளுங்க ரெண்டாவதோட நிறுத்திக்கறாங்க.

இப்ப டிக்டாக். 2020 ஜூன் 15 லடாக் எல்லைல கல்வான்ல சீனாவோட சண்டை நடந்து நம்ம ராணுவத்துல 20 பேரு போனாங்க, ராமநாதபுரத்து பழனியும் அதுல ஒருத்தரு. ரெண்டு வாரம் கழிச்சி ஜூன் 29 ராத்திரி 59 சீனா ஆப்ப தடை பண்றோம்னு அறிவிப்பு வருது. டிக்டாக், ஷேர்இட், யூசி பிரவுசர், ஹலோ, கேம்ஸ்கேனர் எல்லாம் அதுல. என் கடைல அப்ப ஆதார் ஸ்கேன் பண்ண போன்ல கேம்ஸ்கேனர்தான், மறுநாள் காலைல வேற ஒண்ண தேடி ஏத்துனேன், பெருசா ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா டிக்டாக்ல ஆடிக்கிட்டு இருந்த பசங்களுக்கு அது சாதாரணமில்ல, இந்தியாவுல மட்டும் சுமார் 20 கோடி பேரு அதுல இருந்தாங்க, பண்ருட்டி பக்கம் கிராமத்துல மாடு மேய்ச்சிக்கிட்டே வீடியோ போட்டு லட்சம் பேர சேத்தவன்லாம் ஒரே ராத்திரில ஒண்ணும் இல்லாம போயிட்டான். செப்டம்பர் 2ம் தேதி பப்ஜியோட சேத்து இன்னும் 118 ஆப். பப்ஜிக்கு அழுத பசங்கள நான் நேர்லயே பாத்தேன்.

இதுக்கு புதுசா சட்டம் ஒண்ணும் போடல, 2000ம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 69ஏன்னு ஒரு பிரிவு, நாட்டோட இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் காட்டி எந்த வெப்சைட்டையும் ஆப்பையும் மறைக்கச் சொல்லலாம். ஆட்களோட டேட்டாவ அனுமதி இல்லாம வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பறதா புகார் வந்துருக்குன்னு கவர்மென்ட் சொல்லுச்சு, எந்த ஆப் என்ன டேட்டாவ எப்படி அனுப்புச்சுன்னு மக்கள் பாக்கற மாதிரி எதுவும் வெளியிடல. அந்தப் பிரிவோட ரூல்லயே உத்தரவு ரகசியமா இருக்கணும்னு இருக்கு. எனக்கு இதுல மனசு ஒட்டல, தடை சரியா தப்பாங்கறது அப்பறம், காரணத்த ஜனங்க கிட்ட சொல்லணும்ல. (டிக்டாக்குக்கு அது மொத தடையும் இல்ல, 2019 ஏப்ரல்ல மதுரை ஐகோர்ட் கிளை ஆபாசம், கொழந்தைங்க பாதுகாப்புன்னு சொல்லி டவுன்லோடுக்கே தடை போட்டு அதே மாசம் 24ம் தேதி எடுத்துச்சு. அது டேட்டா விஷயம் இல்ல, ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது.)

சரி சீனாக்காரன் ஆப்னா ஏன் இவ்வளவு பயம்? 2017ல சீனா ஒரு தேசிய உளவுச் சட்டம் போட்டுச்சு, அங்க இருக்கற எந்த அமைப்பும் ஆளும் நாட்டோட உளவு வேலைக்கு ஒத்துழைக்கணும்ங்கறது அதுல 7வது பிரிவு. அப்ப டிக்டாக் ஓனரு பைட்டான்ஸ், பெய்ஜிங் கம்பெனி, நாளைக்கி அவங்க கவர்மென்ட் கேட்டா "முடியாது"ன்னு சொல்ல முடியுமா? குடுத்தாங்கன்னு சொல்லல, மறுக்க வழி இல்லங்கறதுதான் பாயின்ட். 2022 டிசம்பர்ல பைட்டான்ஸே ஒத்துக்கிட்டது ஒண்ணு உண்டு, கம்பெனி விஷயம் எப்படி வெளிய கசியுதுன்னு கண்டுபிடிக்க அவங்க ஆளுங்க சில பத்திரிகைக்காரங்களோட டிக்டாக் டேட்டாவ எடுத்துப் பாத்தாங்கன்னு. கவர்மென்ட் கூட கேக்கல, ஆபீஸ்ல வேலை பாக்கறவனே எடுத்துட்டான்.

அக்கா இங்க கரெக்டா பிடிச்சாங்க. "அமெரிக்காக்காரனும் கேட்டா குடுத்துதான ஆகணும்னு இப்பதான சொன்ன?" ஆமாக்கா. 2013ல எட்வர்ட் ஸ்னோடன்னு அமெரிக்கா உளவுத்துறைக்காக வேலை பாத்த ஒரு பையன் காகிதத்தோட வெளிய வந்து சொன்னதே அதுதான், கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் எல்லார் கிட்டேர்ந்தும் பிரிசம்னு ஒரு திட்டத்துல வெளிநாட்டுக்காரங்களோட டேட்டாவ அமெரிக்கா வாங்குதுன்னு. அப்ப வாட்ஸப் ஏன் இருக்குன்னா, அமெரிக்கா கூட நமக்கு எல்லையில சண்டை இல்ல, அங்க கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு கம்பெனி எதுத்து கேஸ் போடுது, வாட்ஸப்ல பேசறது ரெண்டு பக்கமும் பூட்டு போட்டு போறதால பேச்ச கம்பெனியாலயே படிக்க முடியாது (யாரு யாருக்கு எப்ப அனுப்புனாங்கங்கற விவரம் அந்தப் பூட்டுக்குள்ள வராது, அது வேற), எல்லாத்துக்கும் மேல அத மூடுனா நாட்டுல பாதி வேலை நின்னுடும். யோக்கியன் அயோக்கியன் கணக்கே இதுல இல்ல. டிக்டாக் போன எடத்துல அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து உக்காந்துச்சு, அதே டான்ஸ், அதே பசங்க, டேட்டா போற திசை மட்டும் கெழக்குலேர்ந்து மேக்க மாறுச்சு.

வாட்ஸப்ப மூடல, ஆனா பிடி போட்டாங்க. 2021ல மத்திய அரசு போட்ட ரூல்படி 50 லட்சத்துக்கு மேல ஆளு இருக்கற சோஷியல் மீடியா கம்பெனி இந்தியாவுல குடியிருக்கற ஒரு ஆள புகார் அதிகாரியா வைக்கணும், சட்டத்துக்கு பொறுப்பா இன்னொருத்தர வைக்கணும். அதாவது சட்டையப் பிடிக்க ஒரு சட்டை உள்ளூர்லயே வேணும்.

இன்னொரு வகை பிடி அக்கா கூடைக்கு பக்கத்துலயே இருக்கு. கியூஆர் அட்டையும் ஸ்பீக்கர் டப்பாவும் வச்சிருக்காங்க, ஸ்கேன் பண்ணுனா "இருநூறு ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்தும். அதுல காசு அனுப்பறவன் கூகுள் பேல அனுப்புவான், இல்ல போன்பேல அனுப்புவான், போன்பேல பெரும்பங்கு அமெரிக்கா வால்மார்ட்டோடது. ஆனா அந்த 200 ரூபா யாரு யாருக்கு எப்ப குடுத்தாங்கங்கற விவரம் இந்தியாவுக்குள்ளதான் இருக்கணும். ரிசர்வ் பேங்க் 2018 ஏப்ரல் 6ம் தேதி போட்ட உத்தரவு அது, ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. வெளிநாட்டுல வச்சி கணக்கு பாத்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள, இல்ல ஒரு வேலை நாளைக்குள்ள, எது முந்தியோ அதுக்குள்ள இங்க கொண்டாந்துட்டு அங்க அழிச்சிடணும். சும்மா பேப்பர்ல போட்டு விடல, 2021ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், அப்பறம் ஜூலை 22லேர்ந்து மாஸ்டர்கார்டு, மூணு பேரும் இந்த ரூல ஒழுங்கா கடைப்பிடிக்கலன்னு புது கஸ்டமர் சேக்கக் கூடாதுன்னுட்டாங்க. மாஸ்டர்கார்டு சரி பண்ணிட்டு வர்றதுக்கு 2022 ஜூன் ஆயிடுச்சு. ஆப்ப மூடாம, சத்தம் போடாம, உலகத்துல பெரிய கார்டு கம்பெனிங்கள்ல ஒண்ண கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெஞ்சு மேல ஏத்துனாங்க. எனக்கு என்னவோ 59 ஆப் தடைய விட இதுதான் நல்ல வேலைன்னு தோணுது, ரூல் எல்லாருக்கும் தெரியும், காரணம் தெரியும், சரி பண்ணுனா வழி விட்டாங்க.

இப்ப ஐரோப்பா கதை, இது நம்ம பாண்டி வழியா சொன்னாதான் புரியும். எங்க பெரியம்மாவ குடுத்தது முத்தியால்பேட்டைல ஒரு சொல்தா குடும்பத்துல. சொல்தான்னா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க, பாண்டிக்காரங்களுக்கு தெரியும். பெரியப்பாவுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், பென்ஷன், அவரு மவன், எனக்கு அண்ணன் மொறை, பாரிஸ் பக்கத்துல இருக்கான், ஆகஸ்ட்டு லீவுக்கு வருவான். போன தடவை வந்தப்ப ரெண்டு பேரும் பீச்ல உக்காந்து போனை ஒப்பிட்டுப் பாத்தோம். அவனுது அங்க வாட்ஸப் அயர்லாந்துன்னு ஒரு கம்பெனியோட ஒப்பந்தம், என்னுது நேரா அமெரிக்கா வாட்ஸப்போட. பிரைவசி பாலிசியே ரெண்டும் வேற வேற. 2021ல புது பாலிசிய ஒத்துக்கிட்டாதான் உண்டுன்னு நம்மளுக்கு வந்துச்சே, அதுக்காக நம்ம போட்டி ஆணையம் 2024 நவம்பர்ல வாட்ஸப், ஃபேஸ்புக் ரெண்டுக்கும் ஓனரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, கம்பெனி அப்பீல் போச்சு. அண்ணன் இதெல்லாம் கேட்டுட்டு "எங்க ஊர்ல இவனுங்க பம்முவானுங்கடா"ன்னான்.

பம்மறதுக்குக் காரணம் ஜிடிபிஆர், 2018 மே 25லேர்ந்து நடக்கற ஐரோப்பா டேட்டா சட்டம். கம்பெனியோட உலக வருமானத்துல 4 சதவீதம் வரைக்கும் அபராதம் போடலாம். அந்த சட்டத்துல முக்கியமான ஒண்ணு, ஐரோப்பாவுல இருக்கறவங்க டேட்டாவ வெளிநாட்டுக்கு கொண்டு போறதா இருந்தா அங்கயும் கிட்டத்தட்ட இதே அளவு பாதுகாப்பு இருக்கணும். ஜிடிபிஆருக்கு முன்னாடி இருந்த பழைய சட்டத்துலயும் இந்த மாதிரி ரூல் உண்டு, மேக்ஸ் ஷ்ரெம்ஸ்னு ஆஸ்திரியாக்கார சட்டம் படிச்ச பையன் ஒருத்தன் இத வச்சிதான் ஃபேஸ்புக்க பிடிச்சான். ஸ்னோடன் சொன்னத காட்டி, அமெரிக்காவுல என் டேட்டாவுக்கு பாதுகாப்பு இல்லன்னு கேஸ் போட்டான். 2015 அக்டோபர்ல ஐரோப்பா கோர்ட்டு அமெரிக்காவோட இருந்த டேட்டா ஒப்பந்தத்தயே ரத்து பண்ணிச்சு. திரும்ப புதுசா ஒண்ணு போட்டாங்க, 2020 ஜூலைல அதையும் ரத்து பண்ண வச்சான். ஒத்த ஆளு! 2023 மே மாசம் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் வந்ததும் அமெரிக்காவுக்கு டேட்டா கொண்டு போனதுக்குத்தான். 2025 மே மாசம் டிக்டாக்குக்கு 53 கோடி யூரோ, சீனாவுலேர்ந்து ஆளுங்க ஐரோப்பா டேட்டாவ எடுத்துப் பாத்ததுக்கு. கவனிச்சீங்களா, அமெரிக்காக்காரனுக்கும் சீனாக்காரனுக்கும் ஒரே சட்டம், ஒரே காரணம்.

அன்னிக்கி பெரியப்பாவும் எங்க கூட உக்காந்திருந்தாரு, "அப்ப எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கே, எனக்கும் அந்த சட்டம் உண்டுல்ல"ன்னு கேட்டாரு பாருங்க. அதுதான் இல்ல. அந்த சட்டம் பாஸ்போர்ட்ட பாக்காது, ஆளு எங்க இருக்கான், கம்பெனி எங்க இருக்குன்னுதான் பாக்கும். அவரோட பென்ஷன் விவரம் பிரான்ஸ் ஆபீஸ்ல இருக்கு, அந்த ஆபீஸ் ஐரோப்பாவுல இருக்கறதால அதுக்கு ஜிடிபிஆர் உண்டு, முத்தியால்பேட்டைல உக்காந்துகிட்டே "என்னப் பத்தி என்ன வச்சிருக்கீங்க, காப்பி குடு"ன்னு கடிதம் போடலாம், ஒரு மாசத்துல பதில் சொல்லணும். ஆனா அவரு மாத்திரை ஆர்டர் போடற நம்ம நாட்டு ஆப்புக்கு அது கெடையாது. அதே சமயம் தமிழ்நாட்டுலேர்ந்து படிக்கப் போயி பாரிஸ்ல ஹாஸ்டல்ல இருக்கற பையனுக்கு, இந்திய பாஸ்போர்ட்டா இருந்தாலும், அங்க இருக்கற வரைக்கும் அந்த சட்டம் உண்டு. பெரியப்பாவுக்கு ரொம்ப வருத்தம், "ராணுவத்துல இருந்தது நானு, சட்டம் அவனுக்கா"ன்னாரு.

சீனாவ பத்தி மத்தவங்கதான் பயப்படறாங்கன்னு இல்ல, அவங்கதான் மொதல்ல மதிலு கட்டுனவங்க. ஃபேஸ்புக்க 2009லயே மூடியாச்சு, கூகுள் சர்ச் 2010ல அங்கேர்ந்து வெளியேறிடுச்சு. அங்க இருக்கற ஆட்களோட ஐகிளவுட் டேட்டாவ (ஐபோன்ல இருக்கறது சர்வர்ல காப்பியா சேர்ற எடம்) ஆப்பிள் 2018 பிப்ரவரில குய்சோ மாகாணத்து உள்ளூர் கம்பெனி பொறுப்புல விட்டுச்சு, இல்லன்னா வியாபாரம் இல்ல. சொந்த கம்பெனியயே விடல அவங்க, டிடின்னு நம்ம ஓலா மாதிரி டாக்ஸி கம்பெனி, 2021 ஜூன் 30 நியூயார்க் பங்குச் சந்தைல எறங்குச்சு, ஒரு வாரம் ஆகல, ஆப்பயே கடைலேர்ந்து எடுக்கச் சொல்லிட்டாங்க, அடுத்த வருஷம் 800 கோடி யுவானுக்கு மேல அபராதம். யாரு எங்கேர்ந்து எங்க போறாங்கங்கற மேப்பு அமெரிக்காக்காரன் கண்ணுல படக்கூடாதுங்கற பயம்தான்னு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ரஷ்யாவும் 2015 செப்டம்பர்லேர்ந்து எங்காளுங்க டேட்டா எங்க நாட்டுலதான்னு சொல்லி, கேக்காத லிங்க்டுஇன்ன (வேலை தேடறவங்களுக்கான அமெரிக்கா சைட்) 2016 நவம்பர்ல மூடுச்சு.

இதெல்லாம் பாத்து "இன்டர்நெட்டுக்கு எல்லை போடாதீங்க"ன்னு வருஷக்கணக்கா பாடம் எடுத்தது அமெரிக்கா. அதே அமெரிக்கா 2019ல ஹுவாவேங்கற சீனா போன், நெட்வொர்க் கம்பெனிய கருப்புப் பட்டியல்ல போட்டுச்சு, 2024 ஏப்ரல் 24 டிக்டாக்குக்குன்னே ஒரு சட்டம் போட்டுச்சு, சீனா ஓனரு வித்துட்டு வெளிய போகணும் இல்லன்னா ஆப் இருக்காது, கெடு 2025 ஜனவரி 19. அங்க சுப்ரீம் கோர்ட்டும் ரெண்டு நாளைக்கி முன்னாடி செல்லும்னு சொல்லிடுச்சு, ஆப் ஒரு ராத்திரி இருண்டு போச்சு, மறுநாளே திரும்ப எரிஞ்சிச்சு, அப்ப புதுசா பதவிக்கு வந்த அதிபரு ட்ரம்ப் கெடுவ தள்ளித் தள்ளி வச்சாரு. நம்ம தடையும் அந்த சட்டமும் ஒரே மாதிரி தெரியும், ஆனா அங்க கேட்டது சர்வர மாத்து இல்ல, ஓனர மாத்து. அந்த மூணு கேள்வில மூணாவது.

நடுவுல ஒரு கடலூர் கதை ஞாபகம் வருது. நம்ம தேவனாம்பட்டினம் கோட்டைய 1690ல கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர் கிட்டேர்ந்து வெலைக்கு வாங்குனப்ப, கோட்டையச் சுத்தி எவ்வளவு நெலம் சேரும்னா, பீரங்கி சுட்டா குண்டு எதுவரைக்கும் விழுதோ அதுவரைக்கும்னு பேச்சு. நாலாபக்கமும் சுட்டு, குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்குன்னு எடுத்துகிட்டாங்க, குண்டு கிராமம்னே அதுக்குப் பேரு. "ஐ அக்ரீ" பட்டன அமுக்கறப்பலாம் எனக்கு அந்த பீரங்கிதான் தோணும், எதுவரைக்கும் விழும்னு சுடறவனுக்குத்தான் தெரியும்.

நம்ம நாட்டுக்குன்னு தனி டேட்டா சட்டம் வர்றதுக்கு ரொம்ப நாளாச்சு. 2017 ஆகஸ்ட் 24 சுப்ரீம் கோர்ட்ல 9 நீதிபதிங்க, புட்டசாமி வழக்குல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு குடுத்தாங்க. ஆறு வருஷம் கழிச்சி 2023 ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதுக்கு ரூல்ஸ் 2025 நவம்பர்ல, அதுலயும் கம்பெனிங்களோட முக்கியமான கடமைக்கெல்லாம் 18 மாசம் டைம். எல்லை விஷயத்துல இது ஐரோப்பாவுக்கு நேர் எதிர். அங்க "அனுமதி இருந்தா போ", இங்க "நான் கூடாதுன்னு சொல்ற நாட்டுக்கு மட்டும் போகாத", 16வது பிரிவு. ரிசர்வ் பேங்க் மாதிரி ஏற்கெனவே இறுக்கமா ரூல் இருந்தா அதுவும் அப்படியே செல்லும். டேட்டாவ கசிய விட்டா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம் உண்டு. ஆனா 17வது பிரிவுல மத்திய அரசு தன்னோட எந்த அமைப்புக்கு வேணாலும் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் காட்டி மொத்தமா விலக்கு குடுத்துக்கலாம். வெளியூர்க்காரனுக்கு வாசல்ல பூட்டு, உள்ளூர்க்காரனுக்கு கொல்லைல கதவு. வெளிநாட்டு கம்பெனிய பத்தி பேசறப்ப மட்டும் கொதிக்கறவங்க இதையும் ஒரு தடவை படிச்சிப் பாக்கலாம்.

கவர்மென்ட்ட விடுங்க, நாமளே எப்படி இருக்கோம்? ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்து, கோடு விழுந்துச்சுன்னு கசக்கி என் கடை வாசல்லயே போட்டுட்டு போறாங்க, நான்தான் பொறுக்கி கிழிச்சிப் போடறேன். சில்வர் பீச்ல ஒரு நாள் சுண்டல் வாங்குனா, மடிச்ச காகிதத்துல யாரோ ஒருத்தரோட லோன் பாரம், போட்டோவோட. இதுக்கு சீனாக்காரன் எதுக்கு வரணும்?

அக்கா பொறுமையா எல்லாம் கேட்டாங்க, பாதி மீன் வித்தும் போச்சு நடுவுல. கடைசியா, "அதெல்லாம் சரி தம்பி, இந்த டார்ச்சு எந்த நாட்டுக்காரன்து, அதச் சொல்லு"ன்னாங்க. பிளே ஸ்டோர்ல அந்த ஆப் பக்கத்த தேடி, கீழ எறக்கி, டெவலப்பர் விவரத்த பாத்தா ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் இருந்துச்சு. பிரைவசி பாலிசின்னு இருந்தத அமுக்குனா பக்கமே தொறக்கல. கம்பெனி பேரு இல்ல, ஊரு இல்ல, எந்த நாட்டு சட்டம்னும் இல்ல. போன்லயே மேலேர்ந்து கீழ இழுத்தா டார்ச் பட்டன் இருக்குக்கான்னு காட்டுனேன், ரெண்டு தடவை போட்டு அணைச்சிப் பாத்தாங்க.

"ஊரு பேரு தெரியாதவனுக்கா ஆறு வருஷமா ஆஸ்பத்திரி கணக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்? எடுத்துடு தம்பி."